மஞ்சக்கண்ணியின் குதிகால் தழும்பு

ஓர் அரக்கி செத்தவளா, உயிரோடு இருப்பவளா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் கடல் தாண்டிப் பயணம் போனவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கேட்டபோது, "மதுரையில் ஒரு குடும்ப விஷயம்" என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். பொய் என்று சொல்ல முடியாது. இருபது வருடமாக அந்த அரக்கியை மண்டைக்குள் வைத்துச் சோறு போட்டிருக்கிறேன். குடும்பத்தில் அவள் சேர்த்தி இல்லையென்றால் வேறு யார் சேர்த்தி?

நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பெயர் கோதை. எங்கள் ஊரில் ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடி ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்போம். 'ஏழுசுனைக் கோட்டை' என்று பெயர். மதுரையில் எப்போதோ அச்சான மாயக்கதை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்த யாரோ ஒரு புண்ணியவான் தகரப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த ஒரே பிரதி. மேல் ஓரம் ஒட்ட வெட்டியிருக்கும், பக்க எண்கூடக் கிடையாது. அத்தியாயங்களுக்கும் எண் இல்லை, நாங்களே எண்ணிக்கொள்வோம்.

கதை சின்னதுதான். கோட்டைக்குள் ஏழு சுனைகள். ஏழாவது சுனை வறண்டு கிடக்கிறது. அதன் அடியில் ஓர் உப்புக்கல். அந்த உப்புக்கல்லில்தான் காவல் அரக்கி மஞ்சக்கண்ணியின் உயிர் இருக்கிறது. அவளைத் தாண்டி உள்ளே போய், சிறையிருக்கும் இளவரசியை மீட்டு, மகரவேந்தன் என்கிற இளவரசன் கல்யாணம் முடிக்கிறான். சுபம். ஆனால் எங்கள் பிரதியில் முதல் அத்தியாயத்திலேயே ஏழாவது சுனையில் தண்ணீர் ஊறுகிறது, உப்புக்கல் கரைகிறது, மஞ்சக்கண்ணி சாகிறாள். ஆடு மேய்க்கும் பெண்கள் அவள் உடம்பைக் கண்டு, குதிகாலில் இருக்கும் முள் தழும்பை வைத்து அடையாளம் சொல்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தைத் திருப்பினால் சுனை மறுபடி வறண்டு கிடக்கிறது, அதே மஞ்சக்கண்ணி ஒன்றுமே நடக்காதவள்போல் கோட்டை வாசலில் நின்று அதட்டிக்கொண்டிருக்கிறாள்!

அப்படியானால் அவள் பேய். வேறென்ன? நான் பேய் என்று நிரூபித்து நூறு பக்கக் கட்டுரை எழுதினேன். கதை முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. அவள் நிழல் விழுந்ததாக ஓர் இடத்திலும் இல்லை. காவலாட்கள் யாரும் அவளுக்குப் பதில் பேசுவதில்லை. சுனை ஏன் மறுபடி வறண்டது? அவள் செத்த துக்கத்தில் வறண்டது. இதை எழுதிய அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. ஊர் முழுக்க என்னைப் 'பேய் டீச்சர்' என்று கூப்பிட்டார்கள், பெருமையாகத்தான் இருந்தது.

ஒப்புக்கொள்ளாதவள் ரோசலின் மட்டும்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஒன்பதாம் அத்தியாயத்தில் மஞ்சக்கண்ணி கருவேல முள்ளை மிதித்து "ஆ" என்று உட்கார்ந்துவிடுகிறாள். ரோசி அதைப் பிடித்துக்கொண்டாள். "முள்ளு குத்துறது ஒன்பதாவதுல. தழும்பு முதலாவதுல. காயம் வராம தழும்பு வருமா கோதை? இத்தனை வருஷமா புண்ணுக்கு மருந்து போடுறேன், அப்படி ஒரு உடம்ப நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அது வேற முள்" என்று சொல்லியிருக்கலாம். வாயில் சனி. "ஊசி போடுறவளுக்கு இலக்கியத்துல என்ன வேலை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். ரோசி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள்தான். நாலு வருடம் பேச்சில்லை. மீன் கடையில் பார்த்தால் அவள் இறாலைப் பார்ப்பாள், நான் தராசைப் பார்ப்பேன். எங்கள் வாசகர் வட்டத்தின் செயலாளர் இருவரிடமும் தனித்தனியாகச் சமாதானம் பேசிப்பார்த்தார். இருவரும் ஒரே பதிலைச் சொன்னோமாம்: யார் சொன்னது தப்போ அவள் மற்றவள் வீட்டு வாசலுக்கு வந்து, தோற்றேன் என்று முதலில் வாய் திறக்கட்டும்.

அதற்கு வேறொரு பிரதி வேண்டும். அதற்காகத்தான் மதுரை. ரோசி என் வாசலில் வந்து நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு அவளைத் தவிர வேறு தோழி கிடையாது, அதுவும் உண்மை.

முதல் நாள் மதுரை என்னைச் சாப்பிட வைத்தே தீர்த்துவிட்டது. காலையில் இட்லிக்கு நாலு சட்னி. இன்னது வேண்டும் என்று கேட்பதற்குள் நாலும் இலையில் விழுந்துவிட்டன. எங்கள் ஊரில் ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பைக் கேட்டு வாங்க வேண்டும், இங்கே போதும் என்று கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கில் ஊற்றுகிறார்கள். "ஒல்லியா இருக்கீகளே, சாப்புடுங்க" என்று பரிமாறுபவர் அதட்டினார். என்னை ஒல்லி என்று சொன்ன முதல் மனிதர் அவர். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

புதுமண்டபத்துக்குள் நுழைந்ததும் திகைத்து நின்றேன். ஆளுயரக் கல் சிற்பங்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. குதிரைமேல் இருக்கும் கல்வீரனின் காலில் பாவாடை நாடா தொங்கியது. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் புத்தகக் கடை. கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோதிடப் புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். 'ஏழுசுனைக் கோட்டை' என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அத அச்சடிச்ச அச்சாபீசே இப்ப இல்லக்கா. நீங்க எங்கிட்டிருந்து வாரீக?"

"மலேசியா."

"இதுக்காகவா?"

"இதுக்காகத்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பக்கத்துத் தையற்காரரிடம், "அண்ணே, கடையப் பாத்துக்கங்க. இந்தக்கா கப்பலேறி வந்திருக்காக, ஒரு ஜிகர்தண்டாவாச்சும் வாங்கிக் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. ஜிகர்தண்டாக் கடையில் இரண்டு பேர் உருதுவில் காரசாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ சொத்துத் தகராறு என்று பயந்தேன். கடைக்காரர் காதோரம் மொழிபெயர்த்தார்: ஒருவர் தன் டம்ளரில் பாலாடை குறைவு என்கிறார், மற்றவர் போன வாரம் அதிகம் போட்டது மறந்துபோச்சா என்கிறார். சண்டை போட ஒரு பாலாடை போதும் என்றால் ஓர் அரக்கி போதாதா என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

"மேக்க போங்கக்கா. உசிலம்பட்டியில சீனியம்மான்னு ஒரு பைண்டிங்காரம்மா இருக்காக. அவுக அப்பா காலத்துல இந்தப் புக்கு வாங்குன ஆளுக அம்புட்டுப் பேரும் அவரு கையிலதான் தைக்கக் குடுப்பாக. அந்தம்மாகிட்ட ஒரு பிரதி இருந்தாலும் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினேன். என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் மடியில் சேவலோடு உட்கார்ந்திருந்தாள். சேவல் சன்னலோரம்தான் வேண்டும் என்றது. செக்கானூரணியைத் தாண்டியதும் பின்சக்கரம் பட்டென்று உட்கார்ந்துவிட்டது. எங்கள் ஊரில் இப்படி நின்றால் பத்துப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், இருவர் புகார் எழுதுவார்கள். இங்கே எல்லாரும் ஏதோ விருந்துக்கு வந்ததுபோல் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, வெற்றிலையை எடுத்தார்கள்.

மாட்டுச் சந்தைக்குப் போகிற ஒருவர், கையில் மூக்கணாங்கயிற்றோடு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மலேசியாவா? எங்க சித்தப்பா மகன் அங்கனதான் இருக்கான், பெருமாளு. தெரியுமா தங்கச்சி?" என்று கேட்டார். அம்புட்டுப் பெரிய நாட்டில் ஒரு பெருமாளைத் தெரியாததற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு வந்தேன் என்றார். சக்கரம் கழற்றி முடியும்வரை நேரம் போகவேண்டுமே. கதையைச் சொன்னேன்.

தப்பு செய்துவிட்டேன். மரத்தடி முழுக்கத் திரும்பி உட்கார்ந்துவிட்டது.

"செத்தவளுக்கு எப்பிடிய்யா முள்ளு குத்தும்?" என்றார் கயிற்றுக்காரர்.

"ஏன் குத்தாது? செத்தாலும் பழக்கம் போகுமா? ஆன்னு கத்தத்தான் செய்வா" என்றாள் சேவல்காரி. என் கட்டுரையின் நாற்பதாம் பக்கத்தில் நானும் அதைத்தான் எழுதியிருந்தேன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கண்டக்டர் ஜாக்கியை விட்டுவிட்டு வந்தார். "யக்கா, அவ பேயின்னா எதுக்கு வாசல்ல நின்னு காவ காக்குறா? சொவத்துக்குள்ள பூந்து போயி அந்த எளவரசனப் புடிக்க வேண்டியதுதான?" இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை எங்கள் வட்டத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதற்குள் டிரைவர், "மாப்ள, பேய அப்பறம் புடிக்கலாம், வந்து சக்கரத்தப் புடி" என்று கூப்பிட்டதால் தப்பித்தேன். பஸ் மறுபடி கிளம்பியபோது வலதுபக்க இருக்கைகள் பேய்க் கட்சியாகவும், இடதுபக்கம் உயிர்க் கட்சியாகவும் பிரிந்திருந்தன. சேவல் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

உசிலம்பட்டியில் சீனியம்மாளின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவள்தான் இல்லை. அவள் கணவர் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். "கல்லுப்பட்டிக்குப் போயிருக்கா டீச்சர். அங்கன வாசகசாலையில கிழிஞ்ச புக்கு எல்லாத்தையும் தச்சுக் குடுத்துட்டுத்தான் வருவா. நீங்க மொதல்ல கூழக் குடிங்க." கம்பங்கூழும் மோர் மிளகாயும். மிளகாயைக் கடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. மேற்கே மலை வரைக்கும் காய்ந்த காடு. "மழ எப்ப பெய்யும்?" என்று கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். எங்கள் ஊரில் மத்தியானம் நாலு மணிக்கு மழை வரும், வராவிட்டால்தான் பேசுவோம். இங்கே அந்தக் கேள்வியை விருந்தாளி கேட்கக்கூடாது போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இன்னொரு செம்பு கூழ் குடித்தேன்.

மூன்றாம் நாள் திருமங்கலம் போய் பஸ் மாறி, டி. கல்லுப்பட்டியில் இறங்கினேன். வாசகசாலைத் தரையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலில் நூலை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் கிண்டியிருந்ததால் நீலம் பாய்ந்திருந்தது. நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவள் ஊசியை மட்டும் நிறுத்தினாள்.

"ஒங்க புக்குல மேல்பக்கம் ஒட்ட வெட்டியிருக்குமே?"

"ஆமா."

"அது எங்கப்பா வெட்டுனது. பக்க நம்பர் தெரியக்கூடாதுன்னு வெட்டுறது."

அவள் தன் பையிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தாள். 'ஏழுசுனைக் கோட்டை.' வாசகசாலைப் பிரதியில் கிழிந்துபோன பக்கங்களை இதைப் பார்த்துக் கையால் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்பா தனக்கென்று வெட்டாமல் வைத்திருந்த பிரதி அது. நான் முதல் பக்கத்தைத் திருப்பினேன். மஞ்சக்கண்ணி கோட்டை வாசலில் நின்று அதட்டிக்கொண்டிருந்தாள். கடைசி அத்தியாயத்தைத் திருப்பினேன். கல்யாணம் முடிந்தபின், அங்கேதான் சுனை ஊறியது, உப்புக்கல் கரைந்தது. ஆடு மேய்க்கும் பெண்கள் குதிகால் தழும்பைக் கண்டார்கள்.

"எங்க பக்கம் பங்குனியில ஊரே கூடி மந்தையில வச்சு இத வாசிப்பாக டீச்சர். பத்து நாளு. கடைசி நா சாவோட எந்திரிச்சுப் போகப்படாது, கல்யாணத்தோடதான் எந்திரிக்கணும். அதுனால கடைசி அத்தியாயத்தப் பிரிச்சு முன்னாடி வச்சுத் தச்சுக் குடுப்பாரு. மொத நாளே சாவ வாசிச்சு முடிச்சிருவாக."

"கேக்குறவங்களுக்குக் குழப்பமா இருக்காதா? இது கடைசின்னு எப்படித் தெரியும்?"

சீனியம்மாள் சிரித்தாள். "அதுல தண்ணி வருதுல்ல? எங்க ஊர்ல தண்ணி வந்திருச்சுன்னா அதான் கதையோட முடிவு. தண்ணி வந்தப்பறம் என்ன கதை இருக்கு?"

தினமும் நாலு மணிக்கு மழை பெய்கிற ஊரில் இருந்துகொண்டு, தண்ணீரோடு ஒரு கதை தொடங்குவதில் எங்கள் ஏழெட்டுப் பேருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. மஞ்சக்கண்ணி பேயே இல்லை. கல்யாணத்துக்குப் பின்தான் சுனை ஊறுகிறது என்றால், இளவரசியை விட்டால் சுனை ஊறும், சுனை ஊறினால் தன் உப்புக்கல் கரையும் என்று தெரிந்தும் அவனுக்கு வழிவிட்ட அரக்கி அவள். நூறு பக்கம் எழுதி அவளை நான் தூற்றிவிட்டேன். இன்னொருத்தியை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினேன். வெட்கத்தில் காது சுட்டது.

"இதையேதான் போன வருசம் ஒங்க ஊர்ல இருந்து ஒரு நர்சம்மா கடுதாசி போட்டுக் கேட்டாக" என்றாள் சீனியம்மாள், மறுபடி ஊசியைக் கையில் எடுத்தபடி.

"யாரு?"

"பேரு ரோசலினு. அட்டைக்குள்ள எங்கப்பா பேரு, ஊரு போட்டுச் சீட்டு ஒட்டியிருப்பாரு. அட்ட பிஞ்சப்ப பாத்திருக்காக. நாந்தான் எம் மகள விட்டுப் பதில் எழுதிப் போட்டேன். அதுக்கு அவுக ஒரு பதில் போட்டாக, இந்தா, இந்தப் புக்குக்குள்ளதான் வச்சிருக்கேன்."

போன வருடம் புத்தகத்தின் அட்டை பிய்ந்தபோது, ஒட்டுவதில் கெட்டிக்காரி என்று செயலாளர் அதை ரோசியிடம் கொடுத்து வாங்கியது எனக்குத் தெரியும். அதற்கும் முணுமுணுத்தவள் நான். கடிதத்தைப் பிரித்தேன். மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் தனித்தனி எழுத்து, அவளேதான்.

"அம்மா, உங்கள் பதிலுக்கு நன்றி. நான் நினைத்தது சரியாகப் போயிற்று. ஆனால் இதை இங்கே யாரிடமும் சொல்லப்போவதில்லை. என் தோழி ஒருத்தி மஞ்சக்கண்ணி பேய் என்று ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். அவள் வாசித்தால் எனக்கே பேய் என்றுதான் தோன்றுகிறது, அப்படி எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அதை வாசிக்கும்போது சன்னலுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போகிறேன். எனக்கு அது போதும்."

அழுதேன். சீனியம்மாள் பசைச் சட்டியை என் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தாள், கண்ணீர் விழுந்தால் பசை நீர்த்துவிடுமாம்.

ஊர் திரும்பும்போது வழி முழுக்க ஒரு கெட்ட யோசனை கூடவே வந்தது. கையில் பிரதி இல்லை, சீனியம்மாள் அதைக் கொடுக்க மாட்டாள். எங்கும் கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேய் டீச்சர் பேய் டீச்சராகவே இருக்கலாம். ரோசி காட்டிக்கொடுக்கமாட்டாள் என்றும் தெரியும். அது தெரிந்ததால்தான் என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

ஈப்போவில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியோடு நேரே ரோசி வீட்டு வாசலில் போய் நின்று கதவைத் தட்டினேன். அவள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள், வெள்ளை உடுப்பைக்கூட மாற்றவில்லை. என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் தோத்துட்டேன்டி" என்றேன்.

"எதுல?" என்றாள் பாவி. முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"மஞ்சக்கண்ணி உயிரோடதான் இருந்திருக்கா. கடைசி அத்தியாயத்த முன்னாடி வச்சுத் தைச்சிருக்காங்க. நீ சொன்ன தழும்பு சரி. நான் உன்னைச் சொன்ன சொல்லு தப்பு. எல்லார் முன்னாடியும் சொன்னத எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குறேன்."

"அப்படியா? எனக்கு எப்படித் தெரியும்" என்று வாசற்படியைப் பார்த்துச் சொன்னாள். கடிதத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. எனக்காக அவள் ஒரு வருடம் பொத்தி வைத்ததை நான் எதற்குக் கிளறவேண்டும்?

"இந்த ஞாயித்துக்கிழமை அந்தக் கட்டுரையக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாசிக்கப்போறேன். நீ வரணும். உள்ள வந்து, என் பக்கத்துல உக்காந்து கேக்கணும்" என்றேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"அப்ப சைக்கிள எங்கடி நிறுத்துறது?"